வீட்டில் குடும்பத்துடன் தொடரவும்

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த தாளின் தலைப்பு அது. தடித்த எழுத்து, கீழே ஒரு கோடு வேறு. பண்ணைக்குப் போய் வந்த பிள்ளைகள் அங்கே கற்றதை வீட்டில் அப்பா அம்மாவோடு சேர்ந்து தொடர வேண்டுமாம். பால் கறந்ததைத் தொடர முடியாது. மூன்றாவது மாடியில் மாட்டை எங்கே கட்டுவது? கேரட் பிடுங்கியதையும் தொடர முடியாது. கடைசியில் டீச்சர் மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்து, பிள்ளைக்கு நாலு கோழிமுட்டை என்று கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். இருபத்தோரு நாள் சூடு காட்டினால் குஞ்சு வரும். தாளில் இருபத்தோரு கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கு மேலேயும் ஒரே கேள்வி: ‘இன்று வீட்டில் யார் என்ன செய்தார்கள்?’

டீச்சரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இந்த வீட்டில் நடந்தது இதுதான். ஃபிரிட்ஜ் மெக்கானிக்கின் மனைவி ஏழாம் மாதத்தில் பிள்ளையைப் பறிகொடுத்து அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவள் படுத்தவள்தான். சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்தால் இரண்டு வாய் சாப்பிடுவாள். ஏதாவது கேட்டால் ‘ம்’ என்பாள். வேலை பார்த்த தையல் கடையில் இவள் வாயைத் திறந்தால் மெஷின் சத்தமே கேட்காது என்பார்கள். அப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு ‘ம்’ மிச்சம் இருந்தது. வாய்விட்டு அழுதாலாவது தேவலை என்று மெக்கானிக் நினைத்தான். அவள் அதையும் செய்யவில்லை.

அவனுக்கும் அவளுக்கும் நடுவில் இன்னொன்று கிடந்தது. குழந்தையின் துடிப்பு நின்றுவிட்டது என்று டாக்டர் முதலில் சொன்னது அவனிடம்தான். வராந்தாவில் வைத்து, “நீங்களே பக்குவமா சொல்லிடுங்க” என்று சொல்லிவிட்டு டாக்டர் ஆபரேஷனுக்குப் போய்விட்டார். அவன் உள்ளே போனான். அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, “ஏங்க, அசைவே தெரியலையே. டாக்டர் என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள்.

“தூங்குதாம்” என்றான்.

அந்த வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று அவனுக்கே தெரியாது. ஒரு மணி நேரம் கழித்துச் சொல்லலாம் என்று நினைத்தான். பிறகு, அவள் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று நினைத்தான். பிறகு, கொஞ்சம் கண் அசரட்டும் என்று. அப்படியே சாயங்காலம் ஆகிவிட்டது. விஷயம் தெரியாமல் வந்த ஒரு நர்ஸ்தான் போட்டு உடைத்தாள். மறுநாள், அவள் கட்டிலில் மயக்கமாகக் கிடந்தபோது, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு அவன் தனியாகப் போய் அடக்கம் செய்துவிட்டு வந்தான். ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. எங்கே வைத்தாய் என்றும் கேட்கவில்லை. சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்டிருந்தால் அவன் பிழைத்துப் போயிருப்பான்.

இந்த நேரத்தில்தான் வீட்டுக்குள் முட்டை வந்தது.

கொண்டுவந்தவள் அவர்களுடைய ஒரே மகள். மூன்றாம் வகுப்பு. எல்லாவற்றையும் கேட்டுக் குறிப்பெடுக்கிற குணத்துக்காக மெக்கானிக் அவளை இன்ஸ்பெக்டர் என்று கூப்பிடுவான். அந்த வெள்ளிக்கிழமை செருப்பைக்கூடக் கழற்றாமல் உத்தரவு போட்டாள்.

“அப்பா, முப்பத்தேழரை டிகிரி வேணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒரு நாளைக்கு மூணு தடவை திருப்பிப் போடணும். பெட்டிக்குள்ள தண்ணி வைக்கணும். சீக்கிரம்!”

“நான் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பண்றவன் இன்ஸ்பெக்டர். எனக்குச் சில்லுன்னு ஆக்கத்தான் தெரியும்.”

“அதையே திருப்பிப் பண்ணு.”

திருப்பித்தான் செய்தான். தெர்மாகோல் பெட்டி ஒன்று, நாற்பது வாட் பல்பு ஒன்று, பழைய கம்ப்யூட்டரின் குட்டி மின்விசிறி ஒன்று, மூடியில் பார்ப்பதற்குச் சதுரமாய் ஒரு கண்ணாடித் துண்டு. சூட்டை அளந்து பல்பை எரியவிடவும் அணைக்கவும் ஒரு கன்ட்ரோலர். குளிர் அறைகளில் மாட்டுகிற அதே சாமான். அதில் இரண்டு விதமான செட்டிங் உண்டு. ‘சி’ என்று வைத்தால் சூடு ஏறும்போது மெஷின் ஓடும், அது குளிர்விக்கிறதுக்கு. ‘எச்’ என்று வைத்தால் சூடு இறங்கும்போது ஓடும், அது சூடாக்குகிறதுக்கு. இருபது வருஷத்தில் அவன் ‘எச்’ வைத்தது அதுதான் முதல் தடவை. ஏதோ இடது கையால் கையெழுத்துப் போடுகிற மாதிரி இருக்கிறது என்று மகளிடம் சொல்லிச் சிரித்தான்.

இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பெருக்கல் குறியும் மறுபக்கம் வட்டமும் பென்சிலால் போட்டாள். காலையில் பெருக்கல் மேலே, மத்தியானம் வட்டம், சாயங்காலம் மறுபடி பெருக்கல்; மறுநாள் இதற்குத் தலைகீழ். பண்ணையில் சொல்லிக்கொடுத்தது. காலையும் மாலையும் சரி, மத்தியானம் யார் திருப்புவது? அவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். அப்பன் எங்கேயாவது ஒரு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் குனிந்துகொண்டிருப்பான்.

திங்கட்கிழமை காலையில் பையை மாட்டிக்கொண்டு அம்மாவின் கட்டில் அருகே போய் நின்றாள். “அம்மா, மத்தியானம் ஒரு மணிக்கு வட்டம் மேல வரணும். மறந்துட்டா குஞ்சு ஓட்டுல ஒட்டிக்கும், செத்துடும். நீதான் பண்ணணும்.”

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தான். அந்த வார்த்தையை இந்தப் பெண் எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள்! கட்டிலிலிருந்து பதில் இல்லை. ஒரு ‘ம்’ கூட இல்லை.

ஒன்றரை மணிக்கு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு வந்து பார்த்தான். நாலு முட்டையிலும் வட்டம் மேலே இருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டிருந்தது. அதில் அவள் உட்கார்ந்திருந்தாள், தலைகூட வாரியிருந்தாள். “தண்ணி குறைஞ்சிருந்துச்சு. ஊத்தினேன்” என்றாள். இரண்டு மாதத்தில் அவன் காதில் விழுந்த முதல் முழு வாக்கியம் அது. அவன் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் கொஞ்ச நேரம் அழுதான். இப்போதாவது இந்த வீடு மூச்சு விட்டதே!

அன்றைய கட்டத்தில் இன்ஸ்பெக்டர் எழுதினாள்: ‘அம்மா எழுந்து முட்டையைத் திருப்பினார்.’

ஏழாம் நாள் முட்டைகளை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று தாளில் போட்டிருந்தது. ஜன்னலுக்குப் போர்வை கட்டி அறையை இருட்டாக்கினார்கள். செல்போன் டார்ச்சின் மேல் முட்டையை வைத்ததும் உள்ளே சிவப்பாய் நரம்பு நரம்பாகத் தெரிந்தது. நடுவில் ஒரு புள்ளி துடித்தது. “அய்யோ, துடிக்குது பாருங்க!” என்று மனைவி அவன் கையைப் பிடித்துவிட்டாள். இரண்டாவதிலும் துடிப்பு. மூன்றாவதிலும். நாலாவது முட்டை வெறும் மஞ்சளாகத் தெளிந்து கிடந்தது.

“இதுல ஒண்ணுமில்ல” என்றாள் மகள்.

அம்மாதான் அந்த முட்டையை வாங்கி ஒரு கிண்ணத்தில் தனியாக வைத்தாள். “மீதி மூணையும் பத்திரமா பாத்துக்கலாம்” என்றாள். குரல் உடையாமல்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு பெட்டி அவள் பொறுப்பாகிவிட்டது. முட்டையைத் திருப்பப்போய் ஜன்னலைத் திறந்தாள், ஜன்னலைத் திறக்கப்போய் வீட்டைப் பெருக்கினாள், பெருக்கப்போய் மகளின் யூனிஃபார்மில் அறுந்த பட்டனைப் பார்த்து ஊசியை எடுத்தாள். கண்ணாடி வழியாகக் குனிந்து எதையோ முணுமுணுத்துப் பேசிக்கொண்டும் இருப்பாள். மெக்கானிக் காதில் விழுந்தும் விழாத மாதிரி போய்விடுவான். இந்த மூன்றும் பொரிந்துவிட்டால் போதும், இவள் திரும்ப வந்துவிடுவாள் என்று அவன் மனதில் ஒரு கணக்கு ஓடியது. பொரியாவிட்டால் என்ன ஆகும் என்ற பக்கம் அவன் போகவே இல்லை.

பதினேழாம் நாள் ஒரு முட்டை தானாக ஆடியது. அம்மாவும் மகளும் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு அம்மாள் கதவைத் தட்டி, “என்ன, ஏதாவது பரிசு விழுந்துடுச்சா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்று சாயங்காலமே தையல் கடைக்காரர் ஆள் அனுப்பியிருந்தார்: பள்ளிக்கூடத்துத் துணி மலையாய்க் குவிந்து கிடக்கிறது, அரைநாள் வந்தால்கூடப் போதும்.

“போயிட்டு வாயேன்” என்றான் மெக்கானிக்.

“பெட்டி?”

“நாளையிலேர்ந்து திருப்பவே கூடாதாம், திறக்கவும் கூடாதாம். தாள்ல போட்டிருக்கு. அது பாட்டுக்கு ஓடும். நான் பாத்துக்கிறேன் போ.”

அவள் அவனை ஒரு நிமிடம் பார்த்தாள். “பாத்துக்குவீங்கல்ல?”

“பாத்துக்கிறேன்னு சொல்றேன்ல.”

செவ்வாய்க்கிழமை, பதினெட்டாம் நாள். எட்டு மணிக்கு அம்மாவும் மகளும் கிளம்பிப் போனார்கள். எட்டரைக்கு மெக்கானிக் பையைத் தூக்கப் போனபோது கன்ட்ரோலரில் முப்பத்தெட்டு புள்ளி ஒன்பது என்று காட்டியது. பல்பு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. கன்ட்ரோலருக்குள் பல்பை அணைக்கிற ரிலே ஒட்டிக்கொண்டுவிட்டது என்று பார்த்ததுமே புரிந்தது. பையில் வேறொரு கன்ட்ரோலர் இருந்தது. மாற்ற ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்துக்குள் போன் மூன்று தடவை அடித்தது. ஐஸ்கிரீம் கடைக்காரர். “தம்பி, எல்லாம் தண்ணியா ஓடுது தம்பி! சீக்கிரம் வாங்க!” தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு ஒயரை மாட்டினான், முப்பத்தேழரை வைத்தான். மற்ற செட்டிங்கை விரல்கள் தாங்களாகவே போட்டன. இருபது வருஷமாய்ப் போட்டுப் பழகியதைப் போட்டன. ‘சி’.

இயங்க வைத்தான். சூடு முப்பத்தெட்டு புள்ளி ஒன்பது, வைத்த அளவுக்கு மேலே. சிவப்பு விளக்கு எரிகிறது, மெஷின் ஓடுகிறது. குளிர் அறையில் இப்படிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். இன்னும் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். ஆயிரம் தடவை பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கிளம்பிய காட்சி. அன்றும் தலையசைத்துவிட்டுக் கிளம்பினான். கன்ட்ரோலர் ஓட்டியது கம்ப்ரஸரை இல்லை, பல்பை. வேறு எந்த மடையனாக இருந்தாலும், சூடு கூடியிருக்கும்போது பல்பு எதற்கு எரிகிறது என்று கேட்டிருப்பான். தொழில் தெரிந்தவனுக்கு அது தோன்றவில்லை.

ஐஸ்கிரீமை எல்லாம் காப்பாற்றிவிட்டான். கடைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

பன்னிரண்டரைக்குச் சாப்பிட வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் தெர்மாகோல் இளகுகிற நெடி அடித்தது. கன்ட்ரோலரில் நாற்பத்தொன்பது புள்ளி இரண்டு. பல்பு எரிந்துகொண்டே இருந்தது. தண்ணீர்க் கிண்ணம் காய்ந்து வெள்ளையாய் இருந்தது. பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, ஒரு முட்டையைக் கையில் எடுத்தான். உள்ளங்கை சுட்டது. டார்ச்சில் வைத்துப் பார்த்தான். கறுப்பாய், அசையாமல். இரண்டாவது, மூன்றாவது. “ஆடு, ஆடு” என்று வாய்விட்டுச் சொன்னான். தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். பாவி, பாத்துக்கிறேன்னு சொன்னியே!

அதற்குப் பிறகு அவன் செய்ததுதான் பெரிய தப்பு. முட்டைகளைப் பழைய இடத்தில் பழையபடி வைத்தான். தண்ணீர் ஊற்றினான். செட்டிங்கை ‘எச்’சுக்கு மாற்றினான். ஜன்னலைத் திறந்து நெடி போகும்வரை துண்டால் விசிறினான். இரண்டு மணிக்கு எல்லாம் சரியாக இருந்தது. கன்ட்ரோலரில் முப்பத்தேழரை அழகாய் நின்றது.

சாயங்காலம் மனைவி சட்டைக் கையில் நூல் ஒட்டிக்கொண்டிருக்க, முகத்தில் ஒரு வெளிச்சத்தோடு வந்தாள். கடையில் யாரோ பேன்ட்டுக்கு மூன்று கால் வெட்டிவிட்டார்களாம். அதைச் சொல்லிச் சிரித்தாள். அவனும் சிரித்தான். மகள் பெட்டி முன் மண்டிபோட்டுக் கண்ணாடிக்குள் பார்த்தாள்.

“அப்பா, நேத்து ஆடுச்சே, இன்னைக்கு ஏன் ஆடவே மாட்டேங்குது?”

“தூங்குது” என்றான் மெக்கானிக்.

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவன் காதிலேயே விழுந்தது. திரும்பிப் பார்த்தான். சட்டைக் கையிலிருந்து நூலைப் பிய்த்துக்கொண்டிருந்த அவள் கை நின்றிருந்தது. பிறகு மறுபடி பிய்க்க ஆரம்பித்தது. களைப்பாக இருப்பாள் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வேறென்ன சொல்லிக்கொள்வான்?

புதன்கிழமையும் அவள் கடைக்குப் போய்வந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்காரவும் செய்தாள். ஆனால் குனியவில்லை, முணுமுணுக்கவில்லை. மகள் மட்டும் கட்டத்தில் எழுதினாள்: ‘எல்லாரும் காத்திருந்தோம்.’

வியாழக்கிழமை மெக்கானிக் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு அந்தப் பண்ணைக்கே போனான். நகரத்தைத் தாண்டி ஒரு மணி நேரம். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்ட பண்ணைக்காரம்மா ஒருத்தி வாளியைக் கீழே வைத்துவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“மூணாம் வகுப்பா?” என்று கேட்டாள்.

“எப்படித் தெரியும்?”

“இந்த வாரம் நீங்க நாலாவது அப்பா. வருஷா வருஷம் நடக்கிறதுதான். எந்த நாள்ல போச்சு?”

“பதினெட்டு.”

“கரண்ட் போயிடுச்சா?”

“இல்ல.”

“பிள்ளை திறந்துட்டாளா?”

“இல்லீங்க. நான்தான்.”

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கொட்டகைக்குள் போய் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தாள். உள்ளே மூன்று குஞ்சு, மஞ்சளாய், நேற்றுப் பொரிந்தது. கூடவே ஒரு காகிதப் பொட்டலம். “இது ஓடு. உள்ள இருக்கற முட்டையை எடுத்துட்டு, இந்த ஓட்டைக் குஞ்சுங்க பக்கத்துல தூவிடுங்க. யாரும் இல்லாத நேரமா பாத்துச் செய்யுங்க. பிள்ளைங்க நம்பிடும். இதுவரைக்கும் ஒருத்தர்கூட மாட்டிக்கிட்டதில்ல.”

எவ்வளவு கச்சிதமான ஏற்பாடு! ஊரில் உள்ள அப்பன்களின் பொய்க்கெல்லாம் ஓடு சேர்த்து வைத்திருக்கிறாள் இந்த மகராசி. அவன் கும்பிடு போட்டுவிட்டு, அட்டைப் பெட்டியைக் கருவிப் பைக்குள் வைத்து, காற்றுக்காக ஜிப்பைப் பாதி திறந்துவிட்டுக் கிளம்பினான்.

அன்று மனைவி கடைக்குப் போகவில்லை, மகளைக் கூப்பிட இரண்டே முக்காலுக்குக் கிளம்புவாள். மூன்று மணிக்கு வீட்டில் ஆள் இருக்காது. அப்படிக் கணக்குப் போட்டுத்தான் படியேறினான். கதவைத் திறந்து, பையைத் தரையில் வைத்தான்.

கீச் என்று ஒரு சத்தம்.

உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது. அவள் ஓடி வந்தாள். எதிர்வீட்டு அம்மாளிடம், அவள் பையனோடு மகளையும் கூட்டிவரும்படி சொல்லிவிட்டு அவள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். அது அவனுக்குத் தெரியாது. அவனை அவள் பார்க்கவே இல்லை. நேராகப் பெட்டி முன் முழங்காலில் விழுந்து, கூந்தலை ஒதுக்கிவிட்டு, மூடியில் காதை வைத்தாள்.

“என்னங்க! கேட்டுச்சா? சத்தம் கேட்டுச்சா? அய்யோ, உயிரோட இருக்குங்க, உயிரோட இருக்கு!”

அந்த முகத்தை அவன் எட்டு வருஷத்துக்கு முன் ஒரு தடவை பார்த்திருக்கிறான், மகள் பிறந்து முதல் அழுகை கேட்டபோது. இப்போது அவன் ஒன்றுமே செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். அவளை எதற்காவது கடைக்கு அனுப்பிவிட்டு மற்றதை முடித்துவிடலாம். பொட்டலம் பையில் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு நிற்பது அவனுக்குத் தெரியாத வேலையா?

“அங்க இல்லம்மா” என்றான். “பையில.”

அவள் காதை எடுக்கவில்லை.

“பண்ணையிலேர்ந்து வாங்கிட்டு வந்தேன். அந்த மூணும் செவ்வாய்க்கிழமையே போயிடுச்சு. நான்தான் மாத்தி வச்சுட்டேன். குளிர் அறைக்கு வைக்கிற மாதிரி வச்சுட்டேன். சூட்டுல வெந்துடுச்சு. யார் தப்பும் இல்ல, என் தப்பு.”

கீச், கீச் என்று பையிலிருந்து மறுபடி சத்தம் வந்தது. அவள் மெல்ல நிமிர்ந்து தரையில் உட்கார்ந்தாள். கன்னத்தில் மூடியின் விளிம்பு பதிந்த கோடு இருந்தது.

“தெரியும்” என்றாள். “அன்னைக்குச் சாயங்காலமே தெரியும். தூங்குதுன்னு சொன்னீங்கல்ல.”

அவன் பையின் ஜிப்பை முழுதாகத் திறந்துவிட்டான்.

“இப்போ சத்தம் கேட்டதும், ஒருவேளை நான்தான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேனோன்னு பாத்தேன்.” அவள் கண்ணாடித் துண்டை விரலால் துடைத்தாள். “செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு?”

“எட்டரைக்கு மாத்தினேன். பத்து, பதினொண்ணுக்குள்ள போயிருக்கும். நான் பாத்தது பன்னெண்டரைக்கு.”

“பதினோரு மணிக்கு அந்த மூணு கால் பேன்ட்டைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டிருந்தேன்.” பிறகு அவனை நேராகப் பார்த்தாள். “அன்னைக்கு ஆஸ்பத்திரியில டாக்டர் உங்ககிட்ட எத்தனை மணிக்குச் சொன்னாங்க?”

இரண்டு மாதத்துக்கு மேலாக அவன் பயந்துகொண்டிருந்த கேள்வி. வந்துவிட்டது. “ஒன்பதேகாலுக்கு.”

“நர்ஸம்மா வந்தது அஞ்சு மணிக்கு.” அவள் விரல்விட்டு எண்ணவில்லை, எப்போதோ எண்ணி முடித்துவிட்டவள் மாதிரிச் சொன்னாள். “அதுவரைக்கும் நான் அதுகிட்டப் பேசிக்கிட்டே இருந்தேங்க. எழுந்திரு கண்ணு, அம்மாவைப் பயமுறுத்தாதேன்னு. கதவுப் பக்கத்துல நின்னு நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்க.”

“ஆமா” என்றான். சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தான். அவன் அழுதான், அவள் அழவில்லை, அவனைத் தேற்றவும் இல்லை. பிளக்கைப் பிடுங்கினாள். பல்பு அணைந்தது.

“அவ வந்ததும் நீங்கதான் சொல்லணும்” என்றாள். “வாசல்லயே சொல்லணும். சாப்பிட்டு முடிக்கட்டும், அது இதுன்னு ஒண்ணும் வேணாம்.”

வாசலிலேயே சொன்னான். பை தோளில் தொங்க, இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டு நின்றாள். முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவன் வயிற்றில் இரண்டு குத்து விட்டாள். “நீ பாத்துக்கிறேன்னு சொன்னே! அம்மாகிட்ட சொன்னே, நான் கேட்டேன்!” என்று கத்தி அழுதாள். எதிர்வீட்டு அம்மாள் தன் பையனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று முட்டைகளையும் தானே பார்க்க வேண்டும் என்றாள் மகள். காட்டினான். ஒவ்வொன்றாய் டார்ச்சில் வைத்துப் பார்த்தாள். பிறகு பைக்குள் எட்டிப் பார்த்து, “இதெல்லாம் நம்மளது இல்ல” என்றாள்.

“இல்லதான்” என்றாள் அம்மா. “அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு? தண்ணி வை, போ.”

ஒரு மூடியில் தண்ணீர் வைத்துவிட்டு வந்து மகள் தாளை எடுத்தாள். செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் ஏற்கெனவே எழுதியிருந்ததை அழித்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினாள்: ‘அப்பா தப்பாக வைத்தார். எங்களிடம் சொல்லவில்லை.’ எழுதியதை அப்பனிடம் நீட்டினாள், சரியா என்று. அவன் படித்துவிட்டுத் தலையசைத்தான்.

“குப்பையில போடக்கூடாதுப்பா. பண்ணையில செத்தா மண்ணுக்குள்ளதான் வைப்பாங்களாம். நமக்கு மண்ணே இல்லையே, எங்க வைக்கிறது?”

மெக்கானிக் வாயைத் திறக்குமுன் அவள் அம்மா எழுந்தாள். முட்டைகளைச் சமையலறைக்குக் கொண்டுபோனாள். ஏழாம் நாளிலிருந்து ஃபிரிட்ஜின் மேல் கிண்ணத்தில் இருந்த நாலாவது முட்டையையும் எடுத்தாள். அலமாரியைத் திறந்து, அடித்தட்டில் மடித்து வைத்திருந்த சின்னச் சட்டைகளில் வெள்ளையாய் ஒன்றை உருவினாள். தைத்தது அவள்தான், ஆறாம் மாதத்தில். நாலு முட்டையையும் அதில் வைத்து, சட்டையின் கைகளை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

“உங்கப்பாவுக்கு ஒரு இடம் தெரியும்” என்றாள் மகளிடம். “நமக்குத்தான் தெரியாது.”

அவன் அவளைப் பார்த்தான். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஸ்கூட்டர் சாவியை எடுங்க” என்றாள். “இருட்டறதுக்குள்ள போகணும்.”